மண்பாதை டிரையத்லான்: முதல் போட்டியை முழுதாக முடிக்க ஒரு வழிகாட்டி

மண்பாதை டிரையத்லானில் மூன்று பகுதிகள்: திறந்த நீரில் நீச்சல், காட்டுப் பாதையில் மவுண்டன் பைக், அதே மாதிரியான பாதையில் ஓட்டம். இவற்றின் சர்வதேசத் தொடரான எக்ஸ்டெர்ரா போட்டிகளின் முழுத் தூரம் பொதுவாக 1.5 கி.மீ. நீச்சல், சுமார் 30 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். உலக டிரையத்லான் அமைப்பு இதையே கிராஸ் டிரையத்லான் என்ற பெயரில் நடத்துகிறது.

தொடர்ந்து 1 கி.மீ. நீந்தவும், இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டவும், 8 கி.மீ. நிற்காமல் ஓடவும் முடிந்தவர்களுக்கானது இந்த வழிகாட்டி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். நீச்சலில் குறை இருந்தால் இது கண்டிப்பு; மற்ற இரண்டில் களைத்தால் ஓரமாக உட்காரலாம், தண்ணீரில் அது முடியாது.

முழுத் தூரத்தை மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் ஒருவருக்கு நீச்சல் 35 நிமிடம், ஓட்டம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மீதி கிட்டத்தட்ட முழுவதும் சைக்கிள்தான். சாலை டிரையத்லான் முடித்துவிட்டு வருபவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். கால் தயாராக இருக்கும், கை பழகியிருக்காது. அதனால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்ற போட்டி வரிசையில் போகாமல் சைக்கிளிலிருந்து தொடங்குகிறோம்.

1. பதிவு செய்யும் முன் நான்கு எண்களைப் பாருங்கள்

முதல் எண், சைக்கிள் பாதையின் மொத்த ஏற்றம். தூரம் 30 கி.மீ. என்று மட்டும் பார்த்துப் பணம் கட்டுவது புதியவர்களின் முதல் தவறு. 400 மீட்டர் ஏற்றமுள்ள 30 கி.மீ. ஒன்றரை மணி நேரத்தில் முடியலாம். ஏற்றம் 1,000 மீட்டரைத் தாண்டினால் அதே தூரத்துக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும்.

இரண்டாவது, ஒற்றையடிப் பாதையின் அளவு. அகலமான மண்சாலையில் முந்தலாம், சாப்பிடலாம், மூச்சு வாங்கலாம். ஒற்றையடிப் பாதையில் இவை எதற்கும் இடமில்லை.

மூன்றாவது, தண்ணீரின் வெப்பநிலை. இத்தாலியின் மொல்வேனோ ஏரி கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே உள்ள மலை ஏரி. அங்கே வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சலுடை) இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. மலேசியாவின் லங்காவி கடலில் வெட்சூட் போட்டால் வெந்துபோவீர்கள். உலக டிரையத்லான் விதிப்படி, 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில் வயதுப் பிரிவு வீரர்களுக்கு (தொழில்முறை அல்லாதவர்களுக்கு) 22 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் வெட்சூட் தடை. அமெரிக்க டிரையத்லான் சங்கம் 78 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 25.6 டிகிரி செல்சியஸ் வரை விடுகிறது. எந்த விதிப்புத்தகம் செல்லும் என்பதைப் போட்டிக் கையேட்டில் பாருங்கள்.

நான்காவது, ஒவ்வொரு பகுதிக்குமான கட்-ஆஃப். சைக்கிளை எந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதைப் பாருங்கள். உங்கள் கணக்குப்படி 30 நிமிடமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஒரு பங்க்சரும் ஒரு விழுகையும் அந்த அரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

2. எந்த சைக்கிள் போதும்

முன்பக்கம் 100 மி.மீ. சஸ்பென்ஷனும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் உள்ள 29 இன்ச் ஹார்ட்டெயில் (பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாத மவுண்டன் பைக்) முதல் போட்டிக்குத் தாராளமாகப் போதும். பின்பக்க சஸ்பென்ஷனுக்குச் செலவழிக்கும் பணத்தை டயரிலும் பிரேக் பேடிலும் போடுங்கள். சரளைச் சாலைக்கான கிராவல் சைக்கிளை வைத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். வளைந்த ஹேண்டில் பாருக்குப் பல போட்டிகளில் அனுமதி கிடையாது. அனுமதி இருந்தாலும் வேர் பின்னிய இறக்கத்தில் கை நடுங்கிப் போகும்.

கியர்: முன்னால் 30 அல்லது 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 50 அல்லது 51. ஏற்றத்தில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளுபவர்களில் பலருக்குக் குறைவது பலம் அல்ல, சின்ன கியர்தான்.

பெடல் விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ பழகியவர்களுக்கு அதுவே நல்லது. பழகாதவர்கள் முள் பதித்த அகலமான தட்டைப் பெடலோடு முதல் போட்டிக்குப் போகலாம். ஓடும் ஷூவிலேயே சைக்கிளும் ஓட்டிவிடலாம் என்பதால் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்குப் போகும் இரண்டாவது மாற்றத்தில் ஷூ மாற்றும் வேலை இல்லை. பாதம் சற்று வளைந்து பலம் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது புது கிளிப் பெடல் வாங்குவது மட்டும் கூடவே கூடாது. கால் சிக்கி நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுவது எல்லாருக்கும் நடக்கும். அது பயிற்சியிலேயே நடந்து முடியட்டும்.

பிரேக் பேடில் உராயும் பொருள் 1 மி.மீ.-க்குப் பக்கத்தில் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மழைச் சேற்றில் ரெசின் பேடுகள் ஒரே போட்டியில் கரைந்துபோகும். மழை எதிர்பார்த்தால் மெட்டாலிக் பேட் போடுங்கள். புதுப் பேடு உடனே பிடிக்காது. வேகமாகப் போய் மெதுவாக நிறுத்துவதை 20 முறையாவது செய்த பிறகுதான் அது முழுதாகப் பிடிக்கும்.

3. டயரும் காற்றும்

இந்தப் போட்டியில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது டயர்தான். ட்யூப்லெஸ்ஸுக்கு மாறுங்கள். ட்யூப் உள்ள டயரில் காற்றைக் குறைத்தால், கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பாம்பு கடித்தது போல இரண்டு துளை விழும். அதற்குப் பயந்து காற்றைக் கூட்டினால் டயர் கல்லுக்குக் கல் துள்ளும், பிடிமானம் போகும். ட்யூப்லெஸ்ஸில் இந்த வம்பு இல்லை. நெருஞ்சியும் சீமைக் கருவேலமும் முளைத்த நம் கண்மாய்க் கரைகளில் பயிற்சி செய்பவர்களுக்கு வேறு வழியே இல்லை என்றும் சொல்லலாம்.

29 இன்ச், 2.25 முதல் 2.35 அகல டயருக்கு ஒவ்வொன்றிலும் துளையை உள்ளிருந்தே அடைக்கும் திரவமான சீலன்ட் 80 முதல் 100 மி.லி. ஊற்றுங்கள். வெயில் ஊரில் இரண்டு மாதத்திலேயே காய்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள்; சலசலப்பு கேட்கவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை.

காற்று: 70 கிலோ எடையுள்ளவர் முன்னால் 20 முதல் 22, பின்னால் 22 முதல் 25 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். கல்லில் ரிம் 'டங்' என்று இடித்தால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் 1 அல்லது 2 இறக்குங்கள். எப்போதும் ஒரே கேஜை வைத்து அளந்து பாருங்கள். இரண்டு பம்புகளுக்கு நடுவே 3 பிஎஸ்ஐ வித்தியாசம் சாதாரணம், இந்த அழுத்தத்தில் அது பெரிய வித்தியாசம்.

நிழலில் 22 பிஎஸ்ஐ வைத்த டயர் வெயிலில் நின்று சூடேறினால் 25-ஐத் தொட்டுவிடும். அதனால் காலையில், வெயில் ஏறும் முன் அளந்து வைத்துவிடுங்கள். முந்தைய நாள் மதியம் வைத்த காற்றை நம்பிப் போகாதீர்கள்.

சைக்கிளில் எடுத்துச் செல்ல வேண்டியவை: டயர் துளையை அடைக்கும் பிளக் கிட், ஒரு மாற்று ட்யூப், இரண்டு டயர் லீவர், காற்றடிக்கக் கார்பன் டை ஆக்சைடு குப்பி, செயின் உடைப்பான் உள்ள மல்டி டூல், அறுந்த செயினை இணைக்க உங்கள் செயினுக்குப் பொருந்தும் குவிக் லிங்க், உங்கள் ஃப்ரேமுக்கான டிரெயிலர் ஹேங்கர் (கியர் மாற்றும் கருவியான டிரெயிலரை ஃப்ரேமோடு பிணைக்கும் துண்டு). கடைசிப் பொருள் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேறு வடிவம். போட்டி நடக்கும் ஊரில் கிடைக்காது. 16 கிராம் குப்பி ஒன்று, சிந்தாமல் முழுதும் உள்ளே போனால், இந்த அளவு டயரில் சுமார் 25 பிஎஸ்ஐ தரும். ஆனால் சிந்தாமல் போவது அபூர்வம். 25 கிராம் குப்பியாக வாங்குங்கள், அல்லது சின்ன குப்பி இரண்டு.

பங்க்சர் ஆனால் இந்த வரிசை: சக்கரத்தைச் சுழற்றி, துளையைக் கீழே கொண்டுவந்து சீலன்ட் அடைக்க 20 விநாடி விடுங்கள். அடைக்கவில்லை என்றால் பிளக். அதுவும் நிற்கவில்லை என்றால்தான் ட்யூப். ட்யூப் போடும் முன் வால்வைக் கழற்றி, டயரின் உட்புறத்தைச் சுற்றித் தடவி முள்ளை எடுங்கள். இந்த ஒரு வேலையை அவசரத்தில் விட்டவர்களுக்கு 500 மீட்டர் தள்ளி இரண்டாவது பங்க்சர் காத்திருக்கும், அப்போது கையில் ட்யூப் இருக்காது.

4. முதல் ஆறு வாரம்: கை பழகட்டும்

வாரத்தில் இரண்டு முறை, 45 நிமிடம், களைப்பில்லாத உடலோடு. நீண்ட சவாரியின் கடைசியில் இதைச் செய்தால் தவறான பழக்கமே கையில் ஏறும். காலி மைதானமும் ஒரு சின்னச் சரிவும் இருந்தால் போதும். இந்த வரிசையில் போங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு அடித்தளம்.

முதலில் நிற்கும் நிலை. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், குதிகால் கீழே, முழங்கை வெளியே மடங்கி, இடுப்பு சீட்டை விட்டு மேலே. உடல் எடை காலில் இருக்க வேண்டும், கையில் அல்ல. கையில் எடை இருந்தால் ஒவ்வொரு கல்லும் தோளுக்கு வரும், ஹேண்டில் பார் கட்டுப்பாட்டை மீறித் திரும்பும்.

அடுத்து பிரேக். ஒவ்வொரு கையிலும் ஒரு விரல், ஆள்காட்டி விரல் மட்டும் லீவரில். நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. 'முன்பிரேக் பிடித்தால் தூக்கி எறியும்' என்று சின்ன வயதில் கேட்ட பயத்தால் பலர் பின்பிரேக்கையே இறுக்கிச் சறுக்குகிறார்கள். எடையைக் காலில் ஊன்றி, குதிகாலைத் தாழ்த்தி, படிப்படியாக அழுத்தினால் முன்பிரேக் தூக்கி எறியாது.

பிறகு வளைவு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விடுங்கள். பிரேக் பிடிப்பது, திரும்புவது என்று டயரிடம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை கேட்டால் அது வழுக்கும். வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து எடையை அதில் ஊன்றி, சைக்கிளைச் சாய்த்து, உடலை நேராக வையுங்கள். கண் வளைவின் முடிவில் இருக்க வேண்டும். கண் எங்கே போகிறதோ சக்கரம் அங்கே போகும். பார்த்துப் பயந்த கல்லிலேயே எல்லாரும் மோதுவது அதனால்தான்.

நான்காவது, முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு செங்கல்லைத் தாண்டுவது, பிறகு பின்சக்கரத்தின் மேல் ஊன்றும் எடையைக் குறைப்பது. ஈரமான வேர்களைச் செங்குத்தாகத் தாண்டுங்கள், அவற்றின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள்.

ஐந்தாவது, செங்குத்தான ஏற்றம். சீட்டின் முன்முனைக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, முழங்கையைக் கீழே இறக்குங்கள். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழலும். பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடம் இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்கத்தான் இந்தப் பயிற்சி.

ஆறாவது, இறங்கித் தூக்கி ஓடுவது. யாரும் இதைப் பயிற்சி செய்வதில்லை. ஓட்டுவதும் நடப்பதும் ஒரே வேகம் என்றால் நடப்பதே லாபம். இடப்பக்கம் இறங்குங்கள், செயின் வலப்பக்கம் இருப்பதால் கால் கிழியாது. எங்கே இறங்குவது என்பதை ஐந்து மீட்டர் முன்பே முடிவு செய்யுங்கள். நடு ஏற்றத்தில் நின்றுபோனால் நீங்களும் விழுவீர்கள், பின்னால் வருபவரும் விழுவார்.

பயிற்சி இடம் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் உள்ள காட்டுப் பாதைகள் பலவும் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் அபராதம் கட்ட வேண்டிவரும், யானை வந்தால் அபராதத்தோடும் போகாது. தனியார் தோட்டம், ஏரிக்கரை, கல்குவாரியைச் சுற்றிய மண்சாலை ஆகியவை போதும்.

5. பதினாறு வாரத் திட்டம்

வாரத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். இரண்டு நீச்சல், மூன்று சைக்கிள், இரண்டு ஓட்டம், 30 நிமிட வலுப்பயிற்சி ஒன்று.

முதல் ஆறு வாரம், மேலே சொன்ன கைப்பழக்கமும் மெதுவான நீண்ட சவாரியும். ஏழு முதல் பன்னிரண்டாவது வாரம் வரை ஏற்றப் பயிற்சி: நான்கு நிமிட ஏற்றம் ஐந்து முறை, நடுவே மூன்று நிமிட ஓய்வு. இன்னொரு நாள் 30 விநாடி முழு வேகம், 30 விநாடி மெதுவாக, பத்து முறை கொண்ட இரண்டு தொகுதி. சாலையில் போல ஒரே சீரான பலம் மண்பாதையில் செல்லாது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு உந்தல், உடனே ஒரு தளர்வு என்று உடல் விட்டுவிட்டு எரியும், அதற்குத்தான் இது.

ஓட்டத்தில் ஒன்றாவது மண்ணில் இருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கை மறந்துவிட்டு மூச்சை வைத்து ஓடுங்கள். சாலையில் 6 நிமிடத்தில் ஓடுபவருக்கு மேட்டுப் பாதையில் 8 நிமிடம் ஆனால் அது தோல்வி அல்ல. கணுக்கால் பலத்துக்குப் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள்; கேட்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும்.

பத்து நாளுக்கு ஒருமுறை சைக்கிளிலிருந்து நேராக ஓட்டத்துக்குப் போங்கள். ஒரு மணி நேர மண்பாதைச் சவாரி, உடனே 20 நிமிட ஓட்டம். சைக்கிளில் நின்றே ஓட்டுவதால் கீழ்முதுகும் தொடையும் இறுகியிருக்கும். அந்த உணர்வு முதல்முறை போட்டியில் வந்தால் காயம் என்று நினைத்துப் பயந்துவிடுவீர்கள்.

பதினான்காவது வாரத்தில் ஒரு முழு ஒத்திகை, தூரத்தில் முக்கால் பங்கு. அதே உடை, அதே ஷூ, அதே சாப்பாடு. கடைசிப் பத்து நாள் பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் சின்னச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் கடினமான இறக்கத்தைப் புதிதாக முயல்வது எலும்பு முறிவுக்கான அழைப்பு.

6. நீச்சல்

சுருக்கமாக. நீச்சல் குளத்தில் 1.5 கி.மீ. நீந்துபவர் திசை பார்க்கத் தெரியாவிட்டால் ஏரியில் 1.7 கி.மீ. நீந்திவிடுவார். ஆறு முதல் எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை முதலை போலக் கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். தலை முழுதாகத் தூக்கினால் இடுப்பு அமிழும். மிதவை அலையில் மறையும், அதன் பின்னாலுள்ள மரத்தையோ கட்டடத்தையோ குறி வையுங்கள்.

குளிர்ந்த நீரில் இறங்கியதும் மூச்சு தானாக வேகமெடுக்கும். முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அது அடங்கும். அதுவரை நீந்தத் தொடங்காமல், முகத்தில் நீரடித்து, மூச்சை நீளமாக விடுங்கள். பல போட்டிகளில் நீச்சல் இரண்டு சுற்று, நடுவே கரையேறி ஓடி மறுபடி இறங்க வேண்டும். எழுந்து நின்றதும் தலை சுற்றுவது இயல்பு, பயிற்சியில் அதையும் சேருங்கள்.

திறந்த நீரில் தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். இடுப்பில் கட்டும் பளிச்சென்ற மிதவைப் பை கட்டாயம்.

7. சாப்பாடும் தண்ணீரும்

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, 500 முதல் 750 மி.லி. தண்ணீர், தண்ணீரில் லிட்டருக்கு 500 முதல் 700 மி.கி. சோடியம் என்று தொடங்கி, வியர்வைக்கு ஏற்ப மாற்றுங்கள். ஒரு ஜெல்லில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும், மணிக்கு இரண்டு ஜெல்லும் சர்க்கரை கலந்த பானமும் என்றால் கணக்கு சரியாகும். பேரீச்சம்பழம் நல்லதுதான், ஆனால் நடுங்கும் ஹேண்டில் பாரைப் பிடித்தபடி கொட்டையைத் துப்ப முடியாது. கொட்டை நீக்கியதை வாங்குங்கள்.

பாதையில் பாட்டில் தெறித்து விழும். ஒரு பாட்டிலோடு உறிஞ்சு குழாய் உள்ள ஒன்றரை லிட்டர் முதுகுத் தண்ணீர்ப் பையும் இருந்தால் இரண்டு கையும் பாரில் இருக்கும்போதே குடிக்கலாம். பாட்டில் வாய்க்கு மூடி அவசியம். மாடு மேயும் நிலத்தில் தெறிக்கும் சேறு வெறும் சேறு அல்ல. அதை உறிஞ்சிய வீரர்கள் வயிற்றுப்போக்கோடு படுத்திருக்கிறார்கள்.

எங்கே சாப்பிடுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். மண்சாலையிலும் மிதமான ஏற்றத்திலும் மட்டும். பசி எடுக்கும் இடம் ஒற்றையடிப் பாதையாக இருந்தால் அடுத்த 20 நிமிடத்துக்கு வாய்ப்பில்லை.

8. விமானத்தில் கொண்டுபோவது

எக்ஸ்டெர்ரா போட்டிகள் மலேசியா, தைவான், பிலிப்பைன்ஸ், ஜப்பான் ஆகிய நாடுகளில் நடந்திருக்கின்றன, அதனால் சைக்கிளைப் பிரித்துக் கட்டத் தெரிந்தே ஆக வேண்டும். இடது பெடல் எதிர்த்திசையில் கழலும். இது தெரியாமல் மரை போனவர்கள் அதிகம். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டை வையுங்கள். இல்லாவிட்டால் பெட்டிக்குள் லீவர் அழுந்தி பேடுகள் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் நுழையாது. டிஸ்க்கைத் துணியில் சுற்றுங்கள், செயின் எண்ணெய் பட்டால் பிரேக் கீச்சிடும், பிடிக்காது. பின் டிரெயிலரை ஹேங்கரிலிருந்து கழற்றி ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடு குப்பி பற்றிய விதி ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் வேறு. போன ஊரில் வாங்குவது நல்லது. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு எடுத்துப் போங்கள்: ஹேண்டில் பாரைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டுகள் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்.

9. முந்தைய நாள்: பாதையைப் பார்ப்பது

சைக்கிள் பாதையைக் குறைந்தது ஒருமுறை முழுதாகவோ, நேரம் இல்லையென்றால் முதல் 5 கி.மீட்டரையும் கடினமான இறக்கங்களையும் மட்டுமோ, மெதுவாகச் சுற்றுங்கள். பயமுறுத்தும் இடத்தில் இறங்கி நடந்து பார்த்து, பாதையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் சரியாக வரவில்லையா, போட்டியில் அங்கே இறங்கி ஓடுவது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வேகத்தில் வரும்போது எடுக்கும் முடிவுகள் நல்லதாக இருப்பதில்லை.

பாதையைத் தெரிந்துவைப்பது வீரரின் பொறுப்பு. அம்புக்குறி காற்றில் விழுந்தாலும் 'வழி தப்பிவிட்டது' என்ற முறையீடு செல்லாது. எத்தனை சுற்று, எந்தச் சந்திப்பில் எந்தப் பக்கம் என்பதைச் சின்னச் சீட்டில் எழுதி ஃப்ரேமின் மேல்குழாயில் ஒட்டுங்கள்.

10. ட்ரான்சிஷன் (ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு மாறும்) இடத்தை அடுக்குவது

செய்யும் வரிசையில் பொருளை அடுக்குங்கள். கைக்கு அருகே ஹெல்மெட், கவிழ்த்து, பட்டை விரித்தபடி, அதற்குள் கண்ணாடியும் கையுறையும். அடுத்து சிறு துண்டு, காலுறை, சைக்கிள் ஷூ. அவற்றின் பின்னால் ஓடும் ஷூ, தொப்பி, எண் பட்டை, ஒரு ஜெல்.

கால் கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் தனியாக. சாலைப் போட்டியில் ஷூவைப் பெடலிலேயே மாட்டிவைப்பார்கள்; இங்கே அது வேண்டாம். மண்ணும் சரளையும் ஒட்டிய பாதத்தோடு ஷூ போட்டால் ஓட்டத்தின் மூன்றாவது கிலோமீட்டரில் கொப்புளம் பேசும். 20 விநாடி செலவழித்துத் துடைத்துக் காலுறை போடுங்கள்.

ஈரக் கையில் கையுறை ஏறாது. விரல்களை முன்பே விரித்து உள்ளே கொஞ்சம் பவுடர் போட்டுவையுங்கள். கறுப்புக் கண்ணாடியைத் தவிர்த்துவிடுங்கள், மர நிழலில் வேர் தெரியாது.

சைக்கிளை மாட்டும் முன் கியரை இலகுவாக்குங்கள். உங்கள் இடத்தை நீச்சல் வாசலிலிருந்து நடந்து எண்ணிப் பாருங்கள். நேரச் சிப்பை இடது கணுக்காலில் கட்டுங்கள், வலப்பக்கம் செயின் இருக்கிறது.

ஒரு விதி எல்லா இடத்திலும் ஒன்று: சைக்கிளைத் தொடும் முன் ஹெல்மெட் பட்டை பூட்டியிருக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகே அவிழ்க்க வேண்டும்.

11. போட்டி நாள்

நீச்சலில் உங்கள் வேகத்துக்கு ஏற்ற இடத்தில் நில்லுங்கள். கடைசி 200 மீட்டரில் காலை சற்று அதிகமாக உதையுங்கள். கைக்குப் போன ரத்தம் காலுக்கும் வரட்டும்.

சைக்கிளின் முதல் பத்து நிமிடம்தான் போட்டியை முடிவு செய்யும் இடம். இதயம் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும், எல்லாரும் ஒற்றையடிப் பாதைக்கு முந்தியடிப்பார்கள். ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லும் அளவுக்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். கூட்டத்தோடு பாய்ந்தவர்களை 20-வது கிலோமீட்டரில் தள்ளிக்கொண்டு போகும்போது பார்ப்பீர்கள்.

முந்தும்போது எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று உரக்கச் சொல்லுங்கள்: 'ஆன் யுவர் லெஃப்ட்', 'ஆன் யுவர் ரைட்'. பின்னாலிருந்து குரல் வந்தால் பதறி உடனே ஒதுங்காதீர்கள், புதியவர்கள் விழுவது அப்போதுதான். அகலமான இடம் வரும்வரை உங்கள் கோட்டிலேயே போய், பிறகு வழிவிடுங்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைப் பார்க்காமல் அவரைத் தாண்டிப் பாதையைப் பாருங்கள், இறக்கத்தில் இரண்டு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள்.

விழுந்தால் எழுந்தவுடன் மூன்றைப் பாருங்கள்: ஹேண்டில் பார் நேராக இருக்கிறதா, பிரேக் லீவர் இறுகுகிறதா, பின் டிரெயிலர் சக்கரத்தை உரசுகிறதா. ஹேங்கர் வளைந்த நிலையில் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு கியர் மாற்றினால் டிரெயிலர் சக்கரக் கம்பிகளுக்குள் போய் எல்லாம் உடையும். தலையில் அடிபட்டு, ஹெல்மெட் விரிந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சைக்கிளின் கடைசி 2 கி.மீட்டரில் இலகுவான கியரில் வேகமாகச் சுழற்றி, ஒரு ஜெல்லை முடித்துவிடுங்கள். ஓட்டத்தில் செங்குத்தான மேட்டில் கையை முழங்காலில் ஊன்றி நடங்கள். ஓடுபவரோடு பெரிய இடைவெளி விழாது, சமதளத்தில் பிடித்துவிடலாம். இறக்கத்தில் பின்னால் சாய்ந்து குதிகாலில் பிரேக் போட்டால் தொடை கிழியும். சின்ன அடிகளாக வைத்து, உடலைச் சற்று முன்னால் விடுங்கள். ஷூவின் அடிப்பல் 4 முதல் 5 மி.மீ. இருந்தால் ஈர மண்ணில் பிடிக்கும்.

12. முடித்த பிறகு

சிராய்ப்புகளை அன்றே சோப்பும் சுத்தமான நீரும் விட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பது புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஆற்றிலோ ஏரியிலோ நீந்தி, சேற்றில் விழுந்திருந்தால் எலிக்காய்ச்சலை மனதில் வையுங்கள். விலங்குகளின் சிறுநீர் கலந்த நீர், சிராய்ப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் நோயைத் தரும். 1998-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநில டிரையத்லான் ஒன்றிலும், 2000-இல் மலேசியாவின் சபாவில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டியிலும் வீரர்கள் பலர் இதனால் படுத்தார்கள். அறிகுறி உடனே வராது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்து, சில சமயம் ஒரு மாதம் வரை கழித்தும் வரும். அதற்குள் ஊர் திரும்பியிருப்பீர்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் போனதும் முதல் வார்த்தையாக 'இந்தத் தேதியில், இந்த ஏரியில் நீந்தினேன்' என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நாட்கள் போய்விடும்.